படுத்தால் ஏறும் தண்ணீர்

செக்கடி மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது என்பது அந்தத் தெருவில் முதல் வீடு எழும்புவதற்கு முன்பே முடிவாகிவிட்ட சங்கதி. குழாய் பதித்தவனுக்கு அது தெரியும், ஓட்டுக் கேட்டு வந்தவனுக்குத் தெரியும், மனை விற்றவனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஜனங்கள் அங்கே வீடு கட்டினார்கள், ஏனென்றால் மேட்டில் இருந்தால் மழைக்காலத்தில் வெள்ளம் வராது என்று மனை விற்றவன் சொன்னான், மழையே எட்டிப் பார்க்காத கரிசல் சீமையில் அவன் சொன்னது மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் வழியில்லாமல் போயிற்று.

தெருவுக்கு மூன்று குழாய்கள். அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று. அடிக் குழாயில் மட்டும் சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் வரும்; மற்ற இரண்டும் திறப்பு விழா அன்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு ஓய்ந்தவை, அவற்றின் திருகுகளைக்கூட எவனோ கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். அடிக் குழாயில் குடம் வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. முந்தி வந்தவளுக்கு முதலிடம் என்பதில்லை, வயசுக்கு மரியாதை என்பதுமில்லை. வீடு எழும்பிய வரிசைதான் குடத்தின் வரிசை. முதல் வீடு முப்பிடாதியுடையது, அதனால் முதல் குடம் முப்பிடாதிக்கு. கடைசி வீடு உச்சியில் இருந்த ஆவுடைத்தாயுடையது. அதற்கு அப்பால் உடைமரங்களும் கல் எடுத்த பள்ளமும்தான். அவள் குடம் குழாய்க்குக் கீழே போய்ச் சேரும் நேரத்தில் குழாய் வெறும் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். அவள் புருஷன் சேர்மத்துரை பஸ் கண்டக்டர். அவர் விசில் ஊதினால் ஒரு வண்டி ஜனம் நகரும், அவர் பெண்டாட்டியின் குடத்தை மட்டும் குழாயடியில் ஒருத்தியும் ஒரு சாண் நகர்த்த மாட்டாள். ஆவுடைத்தாய் சண்டை போடுகிற ரகம் இல்லை. வாயை இறுக்கிக்கொண்டு காலிக் குடத்தோடு மேடு ஏறுவாள், ஏறுகிற ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு வீட்டு வாசலைப் பார்க்காமல் பார்ப்பாள், அப்படிப் பார்த்ததையெல்லாம் உள்ளே எங்கேயோ அடுக்கி வைத்துக்கொள்வாள்.

சேர்மத்துரைக்கு வேலை ஓய்வு வந்த பிறகு வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசத் தொடங்கின. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உரசும், டம்ளரை எடுக்கப் போனால் நின்றுவிடும். அண்ணாச்சி இன்னும் டிக்கெட் கிழிக்கிறதை விடவில்லை என்று தெரு கேலி பேசிற்று, அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு முகத்துக்கு வந்து சேர நேரமாயிற்று, பிறகு வராமலே நின்றுபோயிற்று, குரல் இளைத்தது, நடை, தரையில் ஏதோ சிந்திக் கிடப்பதுபோலக் குறுகிக் குறுகி உரசிற்று. ஆஸ்பத்திரியில் நடுக்குவாதம் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். படுக்கையிலிருந்து சடக்கென்று எழுந்தால் கண் இருட்டும், அப்படி வந்தால் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள் என்று ஒரு நர்சம்மா சொல்லி அனுப்பினாள்.

ஆனி மாதத்துக் காற்று மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில் அது நடந்தது. வாசலில் உளுந்து காயவைக்க இடம் கேட்டு முப்பிடாதி மேட்டுக்கு வந்திருந்தாள். சேர்மத்துரை கட்டிலில் இருந்து எழுந்தார், முகம் சுண்ணாம்பாக வெளுத்தது, மடங்கி விழுந்தார். இரண்டு பெண்களும் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, காலுக்கு அடியில் அரைமூட்டை அரிசியை இழுத்துப் போட்டார்கள். போட்டதும் வாசலில், திறப்பு விழாவோடு ஓய்ந்த உச்சிக் குழாய், தொண்டையில் சளி கட்டின கிழவனைப் போல இருமிற்று, துருவைத் துப்பிற்று, பிறகு தெளிந்த தண்ணீராக, மணிக்கட்டுக் கனத்துக்குக் கொட்டிற்று. சத்தம் கேட்டு சேர்மத்துரை என்னவென்று பார்க்க எழுந்து உட்கார்ந்தார். நின்றுவிட்டது. தலை சுற்றி மறுபடி சாய்ந்தார். மறுபடி கொட்டிற்று. தண்ணீர் நேராக விழவில்லை, நடுங்கி நடுங்கி விழுந்தது, அவர் விரல் எந்தத் தாளத்துக்கு உரசிற்றோ அதே தாளத்துக்கு.

முப்பிடாதி வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்று, உலைப் பானையில் அரிசி வெந்துவிட்டதா என்று பார்க்கிற நிதானத்தோடு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆவுடை, அண்ணாச்சிய எந்திரிக்க விட்றாத. நான் போய்க் கொடம் எடுத்துட்டு வாரேன்."

அவ்வளவுதான். தெரு அதை அதற்கு மேல் கேட்கவில்லை. இது எப்படி ஆகும், ஒரு மனுஷனின் ரத்தத்துக்கும் நகராட்சிக் குழாய்க்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று வியக்கிறதற்குத் தண்ணீர் உள்ள ஊரில் பிறந்திருக்க வேண்டும். அன்று மத்தியானத்துக்குள் தெருவில் இருந்த குடம், வாளி, அண்டா, பிள்ளைகள் குளிக்கிற தொட்டி எல்லாம் நிரம்பின, நாலாம் வீட்டு எஸ்தர் தன் கல்யாணச் சீர்வரிசையில் வந்து ஒரு நாளும் நனையாத வெண்கலப் பானையை இறக்கி அதிலும் பிடித்தாள். மறுநாள் முதல் அது ஒரு நடைமுறை ஆயிற்று. காலையில் காப்பி குடித்த பிறகு அண்ணாச்சி காலை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும்; கால் உயராமல் ராத்திரி சும்மா படுத்தால் குழாய் அசையாது. எல்லாரும் பிடித்து முடித்து, போதும் என்று ஆள் வந்து சொல்லும் வரைக்கும் எழக் கூடாது. தெருக் குழாய்களுக்குத் திருகு இல்லை என்ற பழைய குறை அப்படித் தீர்ந்தது, அண்ணாச்சியே திருகு.

தண்ணீர் திறந்துவிடுகிற நகராட்சி ஆள் ஒரு நாள் சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு வந்து, கட்டிலில் கிடந்தவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, நல்லதாகப் போயிற்று, இந்தப் பக்கத்து வால்வுக்கு இனி அலைய வேண்டாம் என்று சொல்லி மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். கீழத்தெருக்காரர்கள் தங்கள் தண்ணீர் குறைந்துபோயிற்று என்று சண்டைக்கு வந்தார்கள், பிறகு தாழ்ந்து வந்தார்கள், பிறகு வெற்றிலை பாக்கோடு வந்து ஒரு கல்யாண வீட்டுக்கு அண்ணாச்சியை இரண்டு நாள் அனுப்பிவைக்கச் சொன்னார்கள். கட்டிலோடு வேன் வைத்துக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவதாகவும் சொன்னார்கள். மேட்டுத் தெரு சம்மதிக்கவில்லை. பெண்கள் குழாய்த் தண்ணீரைக் கொண்டே அவரை அறியப் பழகினார்கள். அவர் நல்ல தூக்கத்தில் கனவு கண்டால் தண்ணீர் கொப்பளிக்கும். மாத்திரை நேரம் தப்பினால் சொட்டுச் சொட்டாக இறுகும். பயந்தால் வெதுவெதுப்பாக வரும். நடுக்கத்தில் சிந்தாமல் இருக்கக் குடத்தை எந்த வாக்கில் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்தார்கள்.

காரமும் உப்புமாக எதையாவது தின்றால் தண்ணீர் இன்னும் போர்ஸாக வருகிறது என்று கண்டுபிடித்தது தான்தான் என்று பின்னால் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கண்டுபிடித்த பிறகு உச்சி வீட்டுக்குத் தீனி வராத நாள் இல்லை. ஒரு வீட்டிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் வரும், இன்னொரு வீட்டிலிருந்து மோர்மிளகாய் வறுத்து வரும், எஸ்தர் சாளைக் கருவாடு வறுத்து மூடிக் கொண்டுவருவாள். தெருவில் சின்னதாகச் சண்டை ஒன்று மூட்டி அவர் காதுபடப் பேசினால் அவருக்கு ஆத்திரம் ஏறும், ஆத்திரம் ஏறினால் மாடித் தொட்டிக்கே தண்ணீர் ஏறும் என்பதும் தெரியவந்தது. மாடி வைத்திருந்த ஒரு வீட்டார் தங்கள் பழைய எல்லைத் தகராறை அவர் ஜன்னலோரம் வைத்தே பேசினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று நடந்தது. குடத்தின் வரிசை மாறியது. ஒரு காலையில் முப்பிடாதி தன் குடத்தை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு, ஆவுடைத்தாயின் குடத்தை உச்சிக் குழாய்க்கு அடியில் தானே நகர்த்தி வைத்து, "மைனி மொதல்ல புடிக்கட்டும்" என்றாள். கடைசி வீட்டுக்காரி முதல் வீட்டுக்காரி ஆனாள். நிரம்பின குடத்தை அவள் தூக்கவும் விடவில்லை, இரண்டு பேர் வந்து வீட்டுக்குள் இறக்கிவைத்தார்கள். இத்தனை வருஷமாக அடுக்கி வைத்திருந்த அத்தனை வாசல்களும் தன்னைப் பார்த்துத் திறந்திருப்பதைப் பார்த்தபோது ஆவுடைத்தாயின் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கியது. அது குடத்துத் தண்ணீரின் குளிர்ச்சியைவிட நன்றாக இருந்தது. அன்றைக்கு அவள் புருஷனின் காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்தாள்.

படுக்கையில் கிடந்த மனிதர் தன் போக்கில் தேய்ந்துகொண்டிருந்தார். பஸ் ஓடிய வழியில் உள்ள ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தூங்குவது அவர் வழக்கம். நடுவில் ஒரு ஊர் விட்டுப்போயிற்று, அப்புறம் இரண்டு, அப்புறம் எட்டயபுரம் வந்ததும் வழி தெரியாமல் நின்றுவிடுவார். சட்டையைக் கையில் எடுத்தால் எந்தக் கையை முதலில் விடுவது என்று வெகுநேரம் யோசிப்பார். கைலியை இடுப்பில் சுற்றும்போது ஏதாவது கேட்டால் பதில் சொல்வதற்காகக் கைலியை விட்டுவிடுவார். கேட்ட கேள்விக்கு, அது எல்லாருக்கும் மறந்துபோன பிறகு, சரியான பதிலைச் சொல்லுவார். ஆவுடைத்தாய் எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள், வயசானால் அப்படித்தான் என்று திருப்பூரில் இருக்கும் மகளுக்குப் போனில் சொன்னாள், தனக்கே சொல்லிக்கொண்டாள். தெருவில் யாராவது அண்ணாச்சி எப்படி இருக்கார் என்று கேட்டால், தண்ணீர் எப்படி வருகிறது, அப்படித்தான் இருக்கிறார் என்பாள். அதில் ஒரு பெருமை இருந்தது.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கே புதிதாக ஒரு டாக்டரம்மா இருந்தாள், அவர்கள் மகளைவிடச் சின்னவள். அவள் சேர்மத்துரையைப் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தாள், நிற்க வைத்துப் பார்த்தாள், மறுபடி படுக்க வைத்துப் பார்த்தாள். கடிகாரப் படம் ஒன்று வரையச் சொன்னாள். அவர் வட்டம் போட்டு எண்களையெல்லாம் ஒரே ஓரத்தில், பஸ்ஸில் ஒரே பக்கம் தொங்குகிற ஜனத்தைப் போல எழுதினார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு ஆவுடைத்தாயின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். மூளைக்குள் முடியைவிட மெலிசான ரத்தக் குழாய்கள் இருக்கின்றன என்றாள். இந்த நோய்க்காரர்களுக்கு நின்றால் ரத்த அழுத்தம் விழும், படுத்தால் தாறுமாறாக ஏறும். ஏறி ஏறியும் விழுந்து விழுந்தும் அந்த மெலிசுக் குழாய்கள் கெட்டுப்போகும், கெட்டுப்போன இடத்தில் யோசனை அற்றுப்போகும். இந்த நோயே ஆளின் நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக்கூடியது, நாமும் சேர்ந்து ஊட்டிவிடக் கூடாது என்றாள். பகலில் படுக்கவே கூடாது. இரவில் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைக்க வேண்டும். உப்பு எவ்வளவு, எப்போது என்பதைத் தான் சொல்கிறபடி மட்டும்தான். மெதுவாக எழுப்பி, மெதுவாக நடக்க வைக்க வேண்டும். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"பகல்ல இவ்வளவு நேரம் படுக்கவைக்கிறது யாரும்மா?"

ஆவுடைத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரிக் குழாயில் யாரோ பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"நாங்க யாரும் இல்லம்மா. அவராத்தான் போய்ப் போய்ப் படுத்துக்கிடுதாரு. சொன்னாக் கேக்க மாட்டாரு."

சேர்மத்துரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அசைவில்லாத அந்த முகத்தைத் திருப்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் சொன்னது அவருக்குப் போய்ச் சேர நேரமாயிற்று. சேர்ந்ததும், பஸ்ஸில் சில்லறை பாக்கி நின்ற பயணியிடம் தப்பை ஒத்துக்கொள்கிற தோரணையில், "ஆமாம்மா, நாந்தான்" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஆவுடைத்தாய் அவருக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக எதிர் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் போனதும் தலைமாட்டுக்குச் செங்கல் வைத்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்தாள். கொல்லையில் செங்கல்லும் கிடந்தது.

மேட்டில் ஏறும்போதே முப்பிடாதி எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உச்சிமாகாளி கோயிலுக்கு இந்த ஆடியில் கொடை கொடுக்கிறதாகத் தெருக் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. தண்ணீர் இல்லாததால் நின்றுபோன கொடைத் திருவிழா. அம்மனுக்கு முதல் தீர்த்தக் குடத்தை முதல் வீட்டுக்காரிதான் தலையில் எடுத்து வர வேண்டும், அதுதான் முறை. ஆனால் இந்த வருஷம் அதை ஆவுடைத்தாய் எடுக்க வேண்டும் என்று முப்பிடாதியே கூட்டத்தில் எழுந்து சொல்லியிருந்தாள். எல்லோரும் கை தட்டினார்களாம். சொல்லும்போது முப்பிடாதிக்குக் கண் கலங்கிற்று. ஆவுடைத்தாய் டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயில், "எனக்கு எதுக்கு மைனி அம்புட்டுப் பெரிய மரியாதை" என்றுதான் வந்தது.

கொடை முடியட்டும் என்று செங்கல்லைக் கொல்லையிலேயே விட்டாள். கொடை முடிகிற வரைக்கும்தானே என்று மூன்று நாளும் அவரைப் படுக்க வைத்தாள். முன்பெல்லாம் காலையில் மட்டும் படுத்தவர், கொடைக்கு வந்த ஒரம்பரை ஜனத்துக்கும் சமையலுக்கும் தண்ணீர் வேண்டும் என்பதால் அந்தியிலும் படுத்தார். அவர் ஒரு தடவை எழப் பார்த்தபோது அவள் தோளில் கைவைத்து அழுத்தினாள். பலமாக இல்லை. ஒரு பச்சைப்பிள்ளையை அமர்த்துகிற அளவுக்குத்தான், ஆனால் அழுத்தினாள். மூன்று குழாய்களும் வெள்ளமாகக் கொட்டின, பந்தல்காரன் முதல் மேளக்காரன் வரை குளித்தார்கள், அம்மன் சந்நிதி கழுவிக் கழுவி வழுக்கிற்று. மஞ்சள் சேலையில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, நையாண்டி மேளம் முன்னால் போக ஆவுடைத்தாய் முதல் குடத்தைச் சுமந்துகொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள். வாசலுக்கு வாசல் அவள் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அவள் ஒரு வாசலைக்கூட விடாமல் எல்லாவற்றையும் நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

தீர்த்தம் இறக்கிவிட்டு, ஈரச் சேலையோடு, இடுப்பில் வெறுங்குடத்தோடு வீட்டுக்குள் வந்தாள். சேர்மத்துரை படுத்துக் கிடந்தார். முகம் சிவந்து, கண்ணுக்கு அடியில் ஒரு நரம்பு குதித்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். குடத்தை அடையாளம் கண்டுகொண்டார்.

"யாரும்மா, தண்ணி புடிக்க வந்தியளா?" என்றார். "கொஞ்சம் இருங்க. இந்தா, படுத்துக்கிடுதேன்."

படுத்துக் கிடந்தவர், அதற்கு மேலும் படுக்க முயன்று, தலைக்கு அடியில் இருந்த ஒற்றைத் தலையணையையும் நடுங்குகிற கையால் உருவிக் கீழே போட்டார்.

ஆவுடைத்தாய் குடத்தை வைத்துவிட்டு, மஞ்சள் சேலையைக்கூட மாற்றாமல் கொல்லைக்குப் போய்ச் செங்கல்லைச் சுமந்துகொண்டு வந்தாள். அவரைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். வெளியே மேளம் நடுவில் நின்றது. யாரோ தண்ணீர் நின்றுவிட்டது என்று சொல்கிற சத்தம் வாசலுக்கு வாசல் மேலேறி வந்தது. முப்பிடாதி வந்தாள், பின்னால் எஸ்தர், அதற்குப் பின்னால் கையில் அண்டாவும் அகப்பையுமாகத் தெருவில் பாதி. அண்ணாச்சிக்கு என்ன ஆயிற்று என்று முப்பிடாதி கேட்டாள். நல்ல நேரத்தில் ஏன் எழுப்பி உட்கார வைத்தாய் என்றும் கேட்டாள்.

ஆவுடைத்தாய் தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சொன்னாள். படுக்க வைக்கப் படுக்க வைக்க அவர் புத்தி அழிகிறது என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். உப்பைச் சொன்னாள், மெலிசுக் குழாய்களைச் சொன்னாள். யார் படுக்க வைக்கிறது என்று கேட்டதற்குத் தான் சொன்ன பதிலையும், அதற்கு அவர் சொன்ன பதிலையும் சொன்னாள்.

"இதெல்லாம் கொடைக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். ஒங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டே அமுக்கிப் படுக்கப் போட்டது நான். கொடம் எடுக்கணும்னு ஆசைப்பட்டேன்."

அவர்கள் தன்னைக் காறித் துப்புவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள், துப்பினால் தேவலை என்றும் இருந்தது. முப்பிடாதி சேலை முந்தியை எடுத்து வாயைத் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அன்னைக்கு நான் ஊறுகாய் கொண்டாந்து குடுக்கேன், அண்ணாச்சி அதை வாங்கிச் சட்டைப் பைக்குள்ள போடுதாரு. எம் பேரக் கேட்டாரு. சொன்னேன். திரும்பக் கேட்டாரு. நான் போயி இன்னும் ரெண்டு கொடம் புடிச்சேன்."

எஸ்தர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கருவாட்டைத் தின்றுவிட்டு அவர் தண்ணீர் கேட்டார் என்றும், எழுந்து குடித்தால் குழாய் நின்றுவிடுமே என்று படுத்த வாக்கிலேயே வாயில் ஊற்றினேன், புரையேறிற்று என்றும் சொன்னாள். ஜன்னலோரம் எல்லைத் தகராறு பேசின வீட்டுக்காரன் யார் காலையும் மிதிக்காமல், பின்பக்கமாகவே நடந்து வெளியே போய்விட்டான். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொருத்திக்கும் ஒரு துண்டு தெரிந்திருந்தது, அந்தத் துண்டை மூடிக்கொண்டுதான் ஒவ்வொருத்தியும் குடத்தை நீட்டியிருந்தாள். அன்று கொடைச் சோறு பாதி வெந்தும் வேகாமலும் இறங்கிற்று. யாரும் குறை சொல்லாமல் தின்றார்கள்.

அதற்குப் பிறகு மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அடிக் குழாயில் சுண்டுவிரல் கனத்துக்கு வந்தது, பழைய வரிசை தானாகத் திரும்பி வந்தது. ஆவுடைத்தாய் கடைசியாக நின்றாள்; முன்னால் வரச் சொன்னார்கள், அவள் போகவில்லை. டாக்டரம்மா சொன்னபடி அவரைக் காலையில் மெதுவாக எழுப்பி, உட்கார வைத்து, நிற்க வைத்து, கையைப் பிடித்துத் தெருவில் நடக்க வைத்தாள். அவர் முகத்தின் சிவப்பு இறங்கிற்று. சில நாட்களில் எட்டயபுரத்தைத் தாண்டி இன்னும் ஒரு ஊர் வரைக்கும் சொன்னார். அவளைச் சில வேளை ஆவுடை என்றார், சில வேளை யாரென்று கேட்டார். டாக்டரம்மா சொன்ன மாதிரியே போனது திரும்பவில்லை, இருந்தது இருந்தது.

ஆனால் ஒன்று மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை. எந்தப் பெண்ணின் இடுப்பிலாவது குடத்தைப் பார்த்துவிட்டால் அவர் படுத்துவிடுவார். எங்கே இருக்கிறாரோ அங்கேயே. கோயில் வாசலோ டீக்கடை பெஞ்சோ, ஒரு தடவை ரேஷன் கடை வரிசையில். தன் பெயர் தடுமாறுகிறவருக்கு, மகள் முகம் தடுமாறுகிறவருக்கு, இந்தத் தெரு கற்றுக்கொடுத்தது மட்டும் தடுமாறவில்லை. அதனால் தெரு குடத்தை ஒளித்தது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒருத்தி குடத்தைச் சாக்குப் பையில் போட்டு எடுத்துப் போனாள், இன்னொருத்தி அதைப் பார்த்துச் செய்தாள். சிலர் முந்தானையால் மூடிக்கொண்டு, பிள்ளையை மறைத்துக்கொண்டு போவதுபோலப் போனார்கள். அவர் நடக்கிற நேரத்தில் தண்ணீர் எடுக்க வேண்டி வந்தால் கல் எடுத்த பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு முள்ளில் நடந்தார்கள். வாசல்களில் கவிழ்த்து வைத்திருந்த குடங்களெல்லாம் உள்ளே போயின. வெளியூர்க்காரன் எவனாவது அந்தத் தெருவில் நடந்து பார்த்தால், இங்கே யாரும் தண்ணீரே குடிப்பதில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பான்.

புரட்டாசியில் எஸ்தர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு மருமகள் வந்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை; எப்படிச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது என்று மாமியாருக்குத் தெரியவில்லை. ஒரு காலையில், ஆவுடைத்தாய் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தபோது, அந்தப் பெண் சீர்வரிசையில் வந்த புதுச் சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயில் அதில் பட்டுச் சுவரெல்லாம் தெறிக்க, படி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள்.

சேர்மத்துரை ஆவுடைத்தாயின் கையை விட்டார். அவள் பிடிப்பதற்குள் முழங்காலை மடக்கி, ஒரு கையை ஊன்றி, உடைகிற சாமானைத் தரையில் வைக்கிற பக்குவத்தோடு தன்னையே தரையில் வைத்தார். மல்லாந்து படுத்தார். குதிகால்கள் இரண்டையும் எஸ்தர் வீட்டுப் படியின்மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"புடிங்கம்மா" என்றார், அந்த இளைத்த குரலில். "எல்லாரும் புடிச்சிட்டுச் சொல்லுங்க. நான் எந்திரிச்சுக்கிடுதேன்."

உச்சிக் குழாய் இருமிற்று. நடுக் குழாய் இருமிற்று. மூன்றும் கொட்டத் தொடங்கின, நடுங்கி நடுங்கி, தெளிந்த தண்ணீராக. சத்தம் கேட்டுக் கதவுகள் திறந்தன. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். முப்பிடாதி அடியிலிருந்து மேலேறி வந்தாள். எல்லோரும் வந்தார்கள், எல்லோர் கையும் வெறுங்கையாக இருந்தது. புது மருமகள் மட்டும் குழாயைப் பார்த்துச் சந்தோஷமாக ஓர் எட்டு வைத்தாள், பிறகு சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்ன தப்புச் செய்தோம் என்று விளங்காமலேயே குடத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

தண்ணீர் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. அவர் விலாவில் மோதி, சட்டையை நனைத்து, இரண்டாகப் பிரிந்து, நின்றிருந்த பெண்களின் கால் விரல்களுக்கு நடுவில் புகுந்து கீழத்தெருவைப் பார்த்து ஓடிற்று. ஆவுடைத்தாய் ஓடுகிற தண்ணீரில் உட்கார்ந்தாள். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அது போதவில்லை, தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. கக்கத்தில் கைகொடுத்து இன்னும் தூக்கி, அவர் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள்.

"தண்ணி வருதா?" என்று அவர் கேட்டார்.

"வருதுங்க" என்றாள் ஆவுடைத்தாய். "யாருக்கும் வேண்டாம்."

அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவர் குதிகாலைப் படியிலிருந்து இறக்க எஸ்தர் வந்து குனிந்தாள். அதற்கு மட்டும் ஒருத்தி குனிந்தாள். அவர் முதுகு நிமிர நிமிர உச்சிக் குழாய் மெலிந்தது, நடுக் குழாய் மெலிந்தது. கடைசித் தண்ணீர் தெருவின் நீளத்துக்கும் இறங்கிப் போகும்வரை, அத்தனை பெண்களும் சேலையைக்கூடத் தூக்கிப் பிடிக்காமல், அது தங்கள் காலை நனைத்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றார்கள்.